செருப்பு ஷீட்டில் செய்த அரிவாள்

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் உன் கல்யாண ஓலையை வாசித்தார்கள். சாமியார் உன் பெயரையும் உன் அப்பா பெயரையும் என் பெயரையும் சொல்லி, பெண்ணின் பெயரையும் அவளுடைய பங்குக் கோயிலையும் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று முடித்தபோது, முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உன் போன் வந்தது. பத்திரிகைக் கட்டு கொரியரில் வந்து சேர்ந்ததா என்று கேட்டாய். யார் யாருக்கு எல்லாம் கொடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், கடைசியில், ஏதோ கடையில் மறந்துபோன சாமானை நினைத்துக்கொண்டவன் போல, “அப்பறம் புகழுக்கும் ஒன்னு குடுத்துடும்மா. நீயே போய்க் குடு. நான் போனா நல்லாருக்காது. நீ போனா அவன் ஒன்னும் சொல்ல மாட்டான்” என்றாய். நான் பதில் சொல்லவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நீ வைத்துவிட்டாய்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. சொல்ல வேண்டியதைப் போனில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆரம்பித்தால் “லொக்கேஷன்ல இருக்கேம்மா, அப்பறம் பேசறேன்” என்பாய். இத்தனை வருஷமாக அந்த அப்புறம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இது உன் கண்ணுக்கு மட்டும் என்று நினைத்து நான் எழுதவில்லை. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் படிக்கட்டும், அவள் வீட்டார் படிக்கட்டும், உன்னோடு வேலை செய்கிறவர்கள் படிக்கட்டும். கல்யாண நேரத்தில் ஒரு தாய் இப்படியா எழுதுவாள் என்று யாராவது கேட்டால், வேறு எந்த நேரத்தில் எழுதினால் நீ படித்திருப்பாய் என்று நீயே அவர்களுக்குச் சொல்.

சினிமாவில் போலிக் கவசமும் கத்தியும் சிலையும் செய்கிற ஆள் என்று உன்னை ஒரு யூடியூப் சேனலில் பேட்டி எடுத்ததைப் பார்த்தேன். எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, நானாகவே வீடியோ பார்த்துக் கற்றேன் என்றாய். தவக்காலத்தில் நம் பங்குக் கோயிலில் போட்ட, இயேசுவின் பாடுகளைக் காட்டுகிற பாஸ்கா நாடகத்தை மறந்துவிட்டாயா? ரோமைச் சிப்பாய்களுக்கு அட்டையில் செய்த கவசம், ஒத்திகையின்போதே வியர்வையில் ஊறிக் கூழாகப் பிய்ந்தது. நீ கடலூர் ஓல்டு டவுனில் செருப்புக்கடைச் சரக்கு விற்கிற இடத்தில் செருப்புக்கு அடி வெட்டுகிற கறுப்பு நுரை ஷீட் ஒன்றைச் சுருட்டி வாங்கி வந்தாய். அட்டையை வெட்டுவது போலவே அதையும் நேராக வெட்டி நெஞ்சில் கட்டினாய். பலகையை மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றாய். நான் மிஷினில் ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். “மார்ல வளைவு வரணும்னா டாட் பிடிக்கணும்டா. ஒரு முக்கோணத்தை வெட்டி எடுத்துட்டு ரெண்டு ஓரத்தையும் சேத்து ஒட்டிப் பாரு” என்றேன். ஒட்டினாய். தட்டையாகக் கிடந்த ஷீட் ஒரு ஆம்பிளையின் நெஞ்சாக எழுந்து நின்றது. நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாய். உன் அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் யாரும் குதித்தது அன்றைக்குத்தான். பேட்டியில் என் பெயரைச் சொல்லவில்லை என்று எனக்கு வருத்தமில்லை. தையற்காரி பெயரை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் புகழ் பெயரை நீ சொல்லியிருக்க வேண்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புகழேந்தி என் மகனோடு சிதம்பரத்தில் கல்லூரியில் படித்தவன். சேத்தியாத்தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லை. அம்மா அஞ்சலை நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். சனிக்கிழமை ஆனால் இவன் கூடவே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். எங்கள் கோயிலுக்கு அவன் வந்ததில்லை, பூசை முடிந்து நாங்கள் வருகிற வரைக்கும் வாசற்படியில் உட்கார்ந்து உப்புத்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்துக்கொண்டிருப்பான். நீ வெட்டுவாய், அவன் தேய்ப்பான். அப்படித்தான் வேலை பிரிந்தது. நீ பிளேடை அடிக்கடி மாற்றுவாய், மழுங்கின பிளேடு ஷீட்டைக் கடித்துவிடும் என்பாய். ஓரங்களில் சொல்யூஷன் தடவி, காய விட்டு, ஒட்டி முடித்ததும் எழுந்து போய் போனை எடுத்துக்கொள்வாய். அதற்கப்புறம்தான் அவன் உட்காருவான். சொரசொரப்பான தாளில் ஆரம்பித்து, நைசான தாள் வரைக்கும் மாற்றி மாற்றித் தேய்ப்பான். கறுப்பு மாவு மாதிரி தூள் பறக்கும். நான் குருமார் உடுப்புக்கு வெள்ளைத் துணி தைத்துக்கொண்டிருந்தால் எனக்குக் கோபம் வரும். அதற்காகவே இரண்டு பேருக்கும் முகமூடி தைத்துக் கொடுத்து, பின்பக்கம் போய்த் தேயுங்கள் என்று விரட்டினேன்.

தேய்த்து முடித்த பிறகு, சூடான காற்று ஊதுகிற ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து மெல்லச் சூடு காட்டுவான். நுரையில் இருக்கிற பொடிப்பொடித் துளைகள் மூடிக்கொண்டு மேற்பரப்பு இறுகும். கிட்டே பிடித்தால் கொப்பளித்துவிடும், நீ எத்தனையோ தடவை கொப்பளிக்க வைத்திருக்கிறாய். ஒட்டின இடத்தில் தெரிகிற கோட்டில், தேய்த்த தூளையே ஃபெவிகாலில் குழைத்து அப்பி, ஈர விரலால் இழுத்துவிடுவான். காய்ந்ததும் மறுபடி தாள். அதற்கு மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகால், ஒரு பூச்சு காய்ந்து இன்னொரு பூச்சு. கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலை ஓரம் முழுக்க ஓட்டிப் பார்ப்பான். எங்கேயாவது விரல் நின்றால் மறுபடி உட்காருவான். நீ “போதும்டா, கேமராவுல தெரியாது” என்பாய். “எனக்குத் தெரியுதே மச்சான்” என்பான். அவன் சாப்பிட வருவதற்குள் குழம்பு ஆறிப்போகும். நான் மறுபடி சுட வைத்துக் கொடுத்த குழம்பு கொஞ்சநஞ்சமில்லை.

அந்த அரிவாளும் அப்படித்தான் வந்தது. சிதம்பரத்துப் பையன்கள் குறும்படம் எடுக்கிறார்கள், ஒரு வீச்சரிவாள் வேண்டும் என்று நீ சொன்னாய். நடுவில் ஃபைபர் குச்சி வைத்து, இரண்டு பக்கமும் ஷீட் ஒட்டி, நீ வடிவம் வெட்டினாய். வாய்ப்பக்கத்தைச் சரிவாகச் செதுக்கியதும் நீதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை இரும்பாக்கியது அவன். கறுப்பு அடித்துக் காய்ந்த பிறகு பென்சிலுக்குள் இருக்கிற கரியைப் பொடித்து, பழைய பனியன் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினான். பிடியோரத்தில் துருவும் வைத்தான். தையல் மிஷின் மேல் அது கிடந்ததைப் பார்த்து நான் நிஜமாகவே பயந்துபோனேன். “வெளக்கு வெக்கிற நேரத்துல இதை எதுக்குடா இங்க போட்டிருக்கீங்க, எடுத்துக்கிட்டுப் போங்க” என்று கத்தினேன். புகழ் சிரித்துக்கொண்டே எடுத்து நுனியை வளைத்துக் காட்டினான். செருப்பு மாதிரி வளைந்தது. “வாசனை பாரும்மா, ஹவாய் செருப்பு வாசனை” என்றான். செய்தது முழுவதையும் நீ வீடியோ எடுத்து நெட்டில் உன் பக்கத்தில் போட்டாய். அவன் கை மட்டும்தான் அதில் வந்தது, முகம் வரவில்லை.

அந்த நாளில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். நீ அன்றைக்குச் சொல்லாமல் விட்டதும் பிறகு புகழிடம் கேட்டு எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். சிதம்பரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு கடைத்தெரு ஓரமாக நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்தவன் அரிவாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகிற காட்சி. நடிக்க வேண்டியவன் வரவில்லை என்று புகழை உட்கார வைத்தீர்கள். பார்த்தவர்கள் யாரோ போலீசுக்குப் போன் செய்துவிட்டார்கள். ஜீப் வந்ததும் கேமரா வைத்திருந்தவன் ஓடினான், பைக் ஓட்டியவன் பைக்கைப் போட்டுவிட்டு ஓடினான். புகழ் மட்டும் கையில் அரிவாளோடு நின்றான். பொம்மைதானே, எதற்கு ஓட வேண்டும் என்று நின்றானாம். நீ எல்லாருக்கும் பிரியாணி வாங்கப் போயிருந்தாய். பார்சலோடு எதிர்ச்சாரியில் நின்று, அவனைச் சட்டையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றியதைப் பார்த்தாய். அவனும் உன்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான், யாரும் உன் பக்கம் பார்த்துவிடக் கூடாது என்று. நீ கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டாய்.

வீட்டுக்கு வந்து அந்தப் பிரியாணிப் பைகளை அப்படியே மேசை மேல் வைத்தாய். வேர்த்துக் கொட்டியது. சொல்லி முடித்ததும் நான் புடவையை மாற்றினேன். “கெளம்பு. பஸ்ஸுக்குப் போவோம். நான்தான் சார் செஞ்சேன், சினிமாவுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அவனைக் கூட்டிக்கிட்டு வந்துடலாம்” என்றேன்.

“யம்மா, பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன் இந்த வாரம்தான் வருது. கேஸு கீஸுன்னு பேர் அடிபட்டா அவ்ளோதான்.”

“அவன் பேரு அடிபடுதேடா.”

“அவனை விட்டுடுவாங்கம்மா. பொம்மைன்னு தெரிஞ்சதும் அனுப்பிடுவாங்க. நான் போனாத்தான் பெருசாவும்.”

“அப்ப நான் போறேன். போன் பண்ணா எடு” என்றேன். தலையாட்டினாய். நான் கதவைத் தாண்டும்போது நீ மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய்.

எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அஞ்சலை ஏற்கெனவே வந்து வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள், காலில் சேறு அப்படியே காய்ந்திருந்தது. உள்ளே எஸ்.ஐ. மேசை மேல் அந்த அரிவாள். நான் பேசப் பேச அவர் அதைக் கையில் எடுத்து வளைத்து வளைத்து விட்டுக்கொண்டிருந்தார். அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். பொம்மை என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. “என் புள்ளை செஞ்சது சார். சினிமாவுக்காகச் செஞ்சது. இந்தப் பையன் கூட ஒத்தாசை” என்றேன்.

“அவன் நான்தான் செஞ்சேங்கறான். நீ உன் புள்ளைங்கற. எது நெசம்?”

“என் புள்ளைதான் சார். அவனைக் காப்பாத்தறதுக்கு இவன் அப்பிடிச் சொல்றான்.”

“அப்ப உன் புள்ளைய வரச் சொல்லு. காலேஜ் கார்டு எடுத்துக்கிட்டு வந்து, ஷூட்டிங்குக்குச் செஞ்சதுன்னு எழுதிக் குடுக்கட்டும். ரெண்டு பேரையும் அனுப்பிடறேன். எனக்கென்னா இவனை வெச்சுக்கிட்டு?” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். கடலூர் என்றேன். அஞ்சலையை எந்த ஊர் என்று கேட்டார். ஊரைச் சொன்னதும் எந்தத் தெரு என்று கேட்டார். தெருவைச் சொன்னாள். அதற்கப்புறம் அவளிடம் அவர் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்து உனக்குப் போன் செய்தேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தேன். அப்புறம் சுவிட்ச் ஆஃப் என்றது. அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தம்பி வராராக்கா?” என்றாள். உன்னை அவள் எப்போதும் தம்பி என்றுதான் சொல்லுவாள், வாங்க போங்க என்றுதான் பேசுவாள். பஸ்ஸில் வந்துகொண்டிருப்பான் என்றேன். கடலூரிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ் நிற்கிற சத்தத்துக்கும் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். இருட்டும் வரைக்கும் நின்றோம். பொம்பளைகள் இங்கே இருக்கக் கூடாது என்று ஒரு போலீஸ்காரர் எங்களைத் துரத்திவிட்டார். மறுநாள் காலையில் போனபோது, கோர்ட்டுக்குக் கொண்டுபோக அவனை வெளியே கூட்டி வந்தார்கள். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றார்கள். அஞ்சலை கத்தவில்லை. அந்தக் கட்டை ஒரு விரலால் தொட்டாள். புகழ் என்னிடம்தான் முதலில் பேசினான். “யம்மா, அவன் பத்திரமா வந்து சேந்துட்டானா?” என்று கேட்டான். வந்துவிட்டான், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறான் என்று நான் எந்த வாயால் சொல்லுவேன்?

வெரிஃபிகேஷன் முடிந்ததும் அந்த வாரமே நீ சென்னைக்குப் போனாய். உன் பக்கத்தில் போட்டிருந்த அரிவாள் வீடியோவை அழித்துவிட்டாய், போனிலிருந்தும் அழித்துவிட்டாய். நான் கேட்டதற்கு, வக்கீல் ஒருத்தர் அப்படிச் செய்யச் சொன்னார் என்றாய். எந்த வக்கீல் என்று கேட்டதும் போனை வைத்துவிட்டாய். பாஸ்காவுக்குச் செய்த கவசம், கல்லூரி விழாவுக்குச் செய்த தலைக்கவசம், அவன் விரல் ஓட்டிப் பார்த்த எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டி வேலை வாங்கினாய். ஃபினிஷிங்கைப் பார்த்துத்தான் ஆர்ட் டைரக்டர் ஒப்புக்கொண்டார் என்று நீயே என்னிடம் பெருமையாகச் சொன்னாய். உனக்குப் பாஸ்போர்ட்டும் வந்தது. போன தடவை பீரோவைச் சுத்தம் செய்தபோது எடுத்துப் பார்த்தேன். அதில் இன்னும் ஒரு முத்திரைகூட விழவில்லை. எந்த நாட்டுக்கும் நீ போகவில்லை, மகனே.

அவன் ரிமாண்டில் இருந்தபோது கடைசி வருஷப் பரீட்சை போயிற்று. எலும்பு சரியாகக் கூடவில்லை. இப்போதும் அந்த மணிக்கட்டை முழுக்கத் திருப்ப முடியாது, கொஞ்ச நேரம் எதையாவது பிடித்தால் விரல் மரத்துப்போகும். புவனகிரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறான். கேஸ் இன்னும் நடக்கிறது. முதல் தடவை குற்றப்பத்திரிகையை வக்கீல் படித்துச் சொன்னபோது நான் கூட இருந்தேன். இரும்பாலான வீச்சரிவாள் என்று எழுதியிருந்தார்கள். எழுதினது மட்டுமில்லை. கோர்ட்டில் சீல் வைத்த துணியைப் பிரித்துக் காட்டியபோது உள்ளே நிஜமாகவே ஒரு இரும்பு அரிவாள் இருந்தது, யாரோ கொல்லன் அடித்தது, மொண்ணையாக. நீங்கள் செய்தது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. புகழ் அதைப் பார்த்துவிட்டு என் காதில், “ஃபினிஷிங்கே சரியில்லம்மா” என்றான். சிரிக்கத்தான் சொன்னான். நான் கோர்ட் என்றும் பார்க்காமல் அழுதேன்.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபம், நீ பயந்ததற்கு இல்லை. பயம் எல்லாருக்கும் வரும். உன் அப்பா துறைமுகத்தில் இஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர், கடல் என்றால் அவருக்குக் கடைசி வரைக்கும் பயம். நடுக்கடலில் போட் நின்றுவிட்டது என்று ஆள் வந்தால், வாந்தி எடுத்துக்கொண்டே இன்னொரு போட்டில் ஏறிப் போவார். திரும்பி வந்து, இனிமேல் செத்தாலும் போக மாட்டேன் என்பார். அடுத்த தடவையும் போவார். அன்றைக்கு நீயும் நடுங்கிக்கொண்டே என் பின்னால் வந்திருந்தால் போதும். வாய் குழறி அரைகுறையாகச் சொல்லியிருந்தாலும் போதும். மறுநாள் வந்திருந்தாலும், கை போயிருக்கும், கேஸாவது நின்றிருக்காது. ஜெயிலில் போய்ப் பார்த்திருக்கலாம். வெளியே வந்த பிறகு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒவ்வொரு வாசலும் திறந்துதான் இருந்தது. நீ ஒவ்வொன்றையும் தாண்டி நடந்தாய், அப்புறம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நடந்தாய்.

நாளைக்கு உன் பெண்டாட்டிக்கு ஒன்று என்றால் என்ன செய்வாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். கல்யாணம் என்றால் சமைக்கிறதும் வாடகை கொடுக்கிறதும் இல்லை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட வேண்டி வரும். அவள் செய்யாத தப்புக்கு உன் சித்தப்பா வீட்டார் அவளைப் பேசுவார்கள், அப்போது எழுந்து நிற்க வேண்டி வரும். உன் குழந்தை ஒரு தப்பைச் செய்துவிட்டு, அப்பா சொல்லுவார் என்று உன் முகத்தைப் பார்க்கும். அப்போது போனை அணைத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார முடியாது. அவளிடம் இதை எல்லாம் நீயே சொல்லிவிடு. சொல்லாமல் கட்டிக்கொண்டால், எதிர்ச்சாரியில் பார்சலோடு நின்றவனைத்தான் அவள் தெரியாமல் கட்டிக்கொள்கிறாள்.

நீ சொன்னபடி நேற்று பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனேன். பையிலிருந்து வெளியே எடுக்க மனசு வரவில்லை. அஞ்சலை டீ போட்டுக் கொடுத்தாள். அவளே பையை எட்டிப் பார்த்து, “என்னாக்கா, தம்பிக்குக் கல்யாணமா? சொல்லவே இல்ல” என்றாள். புகழ் வந்து பத்திரிகையை வாங்கி நிதானமாகப் படித்தான்.

“பொண்ணு என்னா பண்றாங்கம்மா?”

“டீச்சர்.”

“நல்லது. அவனுக்குச் சோறு ஒழுங்கா போடுவாங்க” என்று டி.வி. மேல் நிறுத்தி வைத்தான்.

அஞ்சலைக்குத்தான் பொறுக்கவில்லை. “எம் புள்ளைக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேங்க்கா. வர்றவங்கள்லாம் கேஸு என்னாச்சுங்கறாங்க, கை என்னாச்சுங்கறாங்க. நான் என்னான்னு சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க” என்றாள். என்னைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே என்ன சொல்லலாம் என்று கேட்டாள்.

“சும்மா இரும்மா” என்று புகழ் அவளை அடக்கினான். அப்புறம் என்னிடம், “நான் கல்யாணத்துக்கு வரலம்மா. தப்பா எடுத்துக்காத. வந்தா என் மொகத்தைப் பாக்கணும் அவன். நல்ல நாளும் அதுவுமா அவனுக்குக் கஷ்டம்” என்றான்.

“உனக்கு?” என்று கேட்டேன்.

“எனக்கென்னா கஷ்டம்? நான் ஓடலியே” என்றான்.

எழுந்து வரும்போதுதான் சொன்னான், போலீஸ் பக்கத்துச் சாட்சியெல்லாம் முடிந்துவிட்டது, இப்போது அவன் பக்கத்துச் சாட்சி என்று. அந்த அரிவாள் செருப்பு ஷீட்டில் செய்தது, படத்துக்காகச் செய்தது என்று நேரில் பார்த்தவர்கள் யாராவது கூண்டில் ஏறிச் சொன்னால் கேஸ் நிற்காது என்று வக்கீல் சொல்கிறாராம். ஓடிப்போன பையன்கள் யாரும் இப்போது போனை எடுப்பதில்லை. உன்னைக் கூப்பிடட்டுமா என்று வக்கீல் கேட்டதற்கு, அவனுக்குக் கல்யாண நேரம், வேண்டாம் என்று இவன் சொல்லியிருக்கிறான். பத்திரிகையைப் படிக்கும் முன்னாலேயே அவனுக்கு உன் கல்யாணம் தெரிந்திருக்கிறது. யார் மூலமாகவோ கேள்விப்பட்டு, தேதியைக் கணக்கு வைத்துக்கொண்டு, உன் பெயரை ஒதுக்கி வைத்திருக்கிறான். என்னிடம் மட்டும் புதிதாகக் கேட்கிறவன் போலப் படித்துக் காட்டினான்.

அங்கிருந்து நேராக வக்கீலைப் போய்ப் பார்த்தேன். சாட்சியாக என் பெயரைக் கொடுத்துவிட்டேன். வாய்தா, உன் கல்யாணத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. நான் பொய் சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை. என் வீட்டில், என் மிஷின் பக்கத்தில், என் கண் முன்னால் செய்தது. யார் வெட்டினார்கள், யார் தேய்த்தார்கள் என்று கேட்பார்கள். சத்தியம் செய்துவிட்டு உன் பெயரைச் சொல்லுவேன். உன் அப்பா பெயரைச் சொல்லுவேன், இப்போது எங்கே வேலை பார்க்கிறாய் என்பதையும் சொல்லுவேன். அன்றைக்கு எங்கே நின்றாய், எந்தப் பஸ்ஸில் ஏறினாய் என்று கேட்டால் அதையும் சொல்லுவேன். எஸ்.ஐ.யிடம் சொன்னபோது யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கோர்ட்டில் டைப் அடிப்பார்கள்.

அதற்கப்புறம் உன் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம். கூப்பிட்டால் வருவேன், நல்ல புடவை கட்டிக்கொண்டு வருவேன். கூப்பிடாவிட்டால் இங்கே நம் கோயிலில் உனக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுப்பேன். ஆனால் இன்னும் நாள் இருக்கிறது. நீ வந்தால் என்னைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை என்று வக்கீல் சொன்னார். உன் பெயரை நீயே சொல்லலாம், நான் பின்னால் பெஞ்சில் அஞ்சலையோடு உட்கார்ந்திருப்பேன். சிதம்பரம் கோர்ட். பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்களாம். முன்னாலேயே வந்துவிடு.

உன் அம்மா